பெட்டியில் இருக்கும் வேகமும் அட்டையில் விழும் ஓட்டையும்

நான்கு வருடமாக என்னிடம் இருப்பது ஒரே ரைஃபிள்தான், செக் நாட்டு சி.இசட். 457. இங்கே அமெரிக்காவில், ஊருக்கு வெளியே இருக்கும் கிளப்பில், மாதம் இரண்டு ஞாயிறு, .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சிறிய தோட்டா, இலக்கு 50 கஜத்தில், சில நாள் 100. ஆரம்பத்தில் எந்தப் பெட்டியில் வேகம் பெரிதாகப் போட்டிருக்கிறதோ அதைத்தான் வாங்குவேன். நண்பரிடம் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியைக் கடன் வாங்கி அளந்து பார்த்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது.

அதிகம் சுட்டது மூன்று வகை. சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி: 40 கிரெய்ன் (எடை அளவு) குண்டு, கம்பெனிக் கணக்கில் நொடிக்கு 326 மீட்டர். அதே கம்பெனியின் மினி-மேக், அதுவும் 40 கிரெய்ன்தான், ஆனால் 376 மீட்டர். அப்புறம் ஜெர்மனியின் ஷோனபெக்கில் தயாராகும் எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், வேகம் கிட்டத்தட்ட முதலாவதைப் போலத்தான், விலைதான் கூட. 50 கஜத்தில் பத்து குண்டு சுட்டால் எஸ்.கே. பெரும்பாலும் ஒரு டைம் (10 சென்ட்) காசுக்குள் அடங்கும், ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி அதைவிடப் பெரிய குவார்ட்டர் (25 சென்ட்) காசுக்குள். மினி-மேக் எந்தக் காசுக்கும் அடங்காது. ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் வந்தாலே 100 கஜத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் வரும், அதனால் நான் இப்போது சராசரி வேகத்தைப் பார்ப்பதே இல்லை, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று மட்டும்தான் பார்க்கிறேன்.

முதலில் நம்ப முடியாமல் இருந்தது காற்று விஷயம். வேகமாகப் போகிற மினி-மேக்தான் பக்கக் காற்றில் அதிகம் விலகுகிறது! காற்றுத் தடையால் குண்டு எவ்வளவு நேரம் தாமதப்படுகிறதோ அந்த அளவுக்குத்தான் விலகலும். ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் குண்டுக்குத் தடை மிக அதிகம், 100 கஜம் போவதற்குள் ஒலி வேகத்துக்குக் கீழே வந்துவிடும். மெதுவான குண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. குளிர்காலத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பூஜ்யம் டிகிரியில் ஒலியின் வேகமே 331 மீட்டர்தான், வெடிமருந்தும் கொஞ்சம் மந்தமாகும் என்றாலும் சில தோட்டாக்கள் அதைத் தாண்டி "பட்" என்பதற்குப் பதில் "டமார்" என்று வெடிக்கும்.

மொத்தமாக அள்ளி வாங்கும் மலிவுத் தோட்டா ஒன்றையும் முயன்றேன், பெயர் வேண்டாம். நூற்றுக்கு இரண்டு மூன்று வெடிக்கவே இல்லை. இந்த .22 போன்ற ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும்) தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்க வேண்டும், அது ஓரிடத்தில் விட்டுப்போனால் கதை முடிந்தது. அரை நிமிடம் குழலை இலக்குப் பக்கமே வைத்துக் காத்திருந்து, பிறகு வெளியே எடுப்பேன்.

பிராண்டு மாற்றினால் முதல் இருபது குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலுக்குள் பழைய மெழுகுப் பூச்சு போய்ப் புதியது படிய வேண்டும், அதுவரை ஓட்டைகள் அங்குமிங்கும்தான் விழும். லாட் எண்ணும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்ணும், முக்கியம். போன வருடம் அதே எஸ்.கே.தான், வேறு லாட், குவார்ட்டரைக்கூடத் தாண்டியது. அதனால் பிடித்த லாட் கடையில் ஏழு பெட்டி கண்ணில் பட்டதும் ஏழையும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் இன்னும் விலையைச் சொல்லவில்லை.