பெல்ட்-டிஸ்க் சாண்டர்: மேசை, ஜிக், தாள், தூசி. எந்த மாற்றம் உழைப்புக்கு ஈடு?

100 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளத்தில் ஒரு பெல்ட். பக்கவாட்டில் 150 மி.மீ. டிஸ்க். மரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்க, சின்ன மரப் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூட்டு சாண்டரில் மோட்டார் பெரும்பாலும் குறை சொல்ல முடியாதது. கோளாறெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் தகரத்தில்தான்: வளைகிற மேசை, ஆடுகிற மைட்டர் கேஜ் (துண்டைக் கோணத்தில் பிடித்து நகர்த்தும் சறுக்குக் கருவி), பேருக்கு ஒரு தூசிக் குழாய். கையால் செய்து மாட்டக்கூடிய மாற்றுகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று உண்டு, எல்லாம் ஒரே தரம் அல்ல. சுவரை வைத்துத்தான் சித்திரம். இந்த இயந்திரத்தில் சுவர் என்பது டிஸ்க் மேசை.

மேசை: மேலே ஒட்டுவதா, தகடு மாற்றுவதா, பெட்டி கட்டுவதா?

முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூலைமட்டத்தை மேசையிலும் டிஸ்க்கிலும் பொருத்திப் பாருங்கள். பிறகு மேசையின் வெளி விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். 100 மி.மீ. தூரத்தில் 1 மி.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 0.6 டிகிரி பிசகு. நான்கு பலகைகளை 45 டிகிரியில் சாய்த்துத் தேய்த்துப் பெட்டி சேர்க்கும்போது எட்டு முனைகளிலும் அதே பிசகு கூடிக் கடைசி மூலையில் ஏறக்குறைய 5 டிகிரியாக வாய் பிளக்கும். கிளாம்ப் போட்டு இறுக்கினாலும் அது மூடாது.

முதல் வழி, இருக்கும் மேசையின் மேல் 12 மி.மீ. பிளைவுட்டை அடியிலிருந்து திருகிவிடுவது. அரை மணி நேர வேலை, பரப்பும் கூடும். ஆனால் பரப்பு கூடினால் நெம்புகோலின் நீளமும் கூடுகிறது. மேசையைத் தாங்கும் சாய்வுத் தாங்கி மெல்லிய தகரமாக இருந்தால் தொய்வு முன்பைவிட மோசமாகும். வார்ப்பிரும்புத் தாங்கி உள்ள இயந்திரத்துக்கு மட்டுமே இது ஏற்றது.

இரண்டாவது, பழைய தகட்டைக் கழற்றிவிட்டு 6 அல்லது 8 மி.மீ. அலுமினியத் தகட்டை அதே தாங்கியில் பொருத்துவது. சாய்க்கும் வசதி அப்படியே இருக்கும். உலோக வேலையும் செய்பவர்களுக்கு இதுவே சரி, தீப்பொறிக்குத் தகடு அஞ்சாது. ஆனால் தகடு மட்டும் மாறினால் போதாது. வெளி விளிம்பிலிருந்து அடித்தளத்துக்கு நீள்துளை போட்ட ஒரு தாங்குகோல் இறங்க வேண்டும். அது இல்லையென்றால் விறைப்பான தகடு அதே பழைய தகரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். வெளிர் நிற மரத்தில் அலுமினியம் கருப்புக் கோடு போடும் என்பதால் மெழுகு தேய்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழி, மேசையை இயந்திரத்தில் மாட்டாமலே தனிப் பெட்டியாகக் கட்டுவது. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி ஒரு கனமான அடிப்பலகை. அதன் ஒரு பக்கம் சாண்டர், டிஸ்க்குக்கு எதிரே மூன்று விலா வைத்த பெட்டி. பெட்டியின் மேற்பரப்பு டிஸ்க்கின் மையத்துக்கு ஏறக்குறைய 10 மி.மீ. கீழே இருக்கட்டும். லேமினேட் ஒட்டினால் மேலும் கீழும் இரு பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை ஈரம் ஏறும்போது வளையும். பெட்டியின் கால் துளைகளை நீளவாக்கில் வெட்டி, டிஸ்க்குக்கும் மேசைக்கும் இடையே 1.5 மி.மீ. அட்டையைச் செருகி இறுக்குங்கள். இடைவெளி இதைவிடக் கூடினால் மெல்லிய துண்டுகளின் நுனி உள்ளே இழுபடும்.

இந்த வழியில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: சாண்டரின் ரப்பர் கால்கள். அவற்றைக் கழற்றாமல் போல்ட் போட்டால் இயந்திரம் அதிரும்போது டிஸ்க் மட்டும் நகரும், பெட்டி நகராது. ரப்பரை எடுத்துவிட்டு உலோகம் பலகையில் நேராக உட்கார வேண்டும். அதிர்வைக் குறைக்க வேண்டுமென்றால் ரப்பரை அடிப்பலகைக்குக் கீழே ஒட்டலாம். தாள் மாற்றப் பெட்டி கழன்று வர வேண்டும். மரத்தில் பதியும் மரை வைத்த டி-நட் இரண்டு, இரண்டு இடக்குறி முளைகள் போதும், திரும்ப வைக்கும்போது அதே இடத்தில் உட்காரும்.

பெட்டி மேசை சாயாது. அந்தக் குறையை ஆப்பு வடிவச் சாய்வுத் தளங்கள் தீர்க்கின்றன. 150 மி.மீ. ஆழத்துக்கு 15 டிகிரி வேண்டுமானால் பின் உயரம் 40.2 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும், 22.5 டிகிரிக்கு 62.1, 30 டிகிரிக்கு 86.6. ஆப்பின் மெல்லிய பக்கம் டிஸ்க்கை நோக்கி இருக்கட்டும். திருப்பி வைத்தால் 30 டிகிரித் தளம் 75 மி.மீ. ஆரமுள்ள டிஸ்க்கின் உச்சிக்கும் மேலே போய்விடும். மெல்லிய விளிம்பைச் சுழியம்வரை சீவாமல் 6 மி.மீ. விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் முதல் வாரமே உதிரும். சரிவு டிஸ்க்கை நோக்கியிருப்பதால் துண்டு தானாகவே சறுக்கி இறங்கும், அதைக் கையால் பிடித்து நிறுத்த நம்பக்கூடாது; ஆப்பின் மேல் குறுக்கே ஒரு நிறுத்துச் சட்டம் கட்டாயம்.

தினமும் வெவ்வேறு கோணம் தேவைப்படுபவர் அலுமினியத் தகட்டுக்குப் போகலாம். மற்றவர்களுக்குப் பெட்டிதான். நிலையான 90 டிகிரி, எப்போதும் கிடைக்கும் 90 டிகிரி.

மைட்டர் பள்ளமா, சறுக்குப் பலகையா?

மேசையில் 19 மி.மீ. அகலப் பள்ளம் வெட்டி வாங்கிய மைட்டர் கேஜை ஓட்டலாம். அல்லது மேசையின் முன் விளிம்பைக் கொக்கிபோலப் பற்றிச் சறுக்கும் பலகை ஒன்று செய்யலாம். பள்ளத்தின் சிக்கல் இணைகோடு. டிஸ்க்குக்கு அரை மி.மீ. கோணலாக ஓடினாலும், துண்டு நகர நகர ஆழமாகத் தேயும் அல்லது பாதியில் தாளை விட்டு விலகும். வெட்டிய பள்ளத்தை நகர்த்தவும் முடியாது. 18 மி.மீ. பலகையில் 9.5 மி.மீ. தோண்டினால் மிச்சம் பாதிதான், மேசை அந்தக் கோட்டில் மெலிகிறது.

சறுக்குப் பலகை 200 மி.மீ. நீளத்துக்கு விளிம்பைப் பற்றுவதால் ஆட்டம் குறைவு. கோணல் தெரிந்தால் பெட்டியின் போல்ட்டைத் தளர்த்தி முழு மேசையையும் திருப்பிவிடலாம். கொக்கியின் உள்மூலையில் மரத்தூள் அடைந்து பலகையைத் தூக்கும். அந்த மூலையை 2 மி.மீ. சரித்துச் சீவிவிட்டால் தூள் தங்க இடம் கிடைத்துவிடும். பலகையின் மேல் துண்டு அண்டி நிற்கும் வேலியை ஒரு போல்ட்டில் சுழலவிட்டு 90, 67.5, 45 டிகிரிகளுக்கு 6 மி.மீ. முளைத் துளைகள் போட்டுவைத்தால் ஒவ்வொரு முறையும் கோணம் அளக்க வேண்டாம். சோதிக்க மூலைமட்டத்தைவிடக் கூர்மையான வழி உண்டு. ஒரே பட்டையை இரண்டாக அறுத்து, ஒன்றை மேல்முகம் வைத்தும் மற்றதைக் கவிழ்த்தும் தேய்த்து, முனைகளைச் சேர்த்து நேர்விளிம்பில் வையுங்கள். பிசகு இரட்டிப்பாகக் கண்ணில் படும்.

இரண்டில் எதைச் செய்தாலும் டிஸ்க் கீழ்நோக்கிச் சுழலும் பாதியில் மட்டும் வேலை நடக்க வேண்டும். மறுபாதி துண்டைத் தூக்கி எறியும். மையத்தைத் தாண்டாதபடி ஒரு தடுப்புக் கட்டையைத் திருகிவிடுங்கள். மையத்தை ஒட்டித் தேய்ப்பதிலும் பயனில்லை: நிமிடத்துக்கு 2850 சுற்றில் 150 மி.மீ. டிஸ்க்கின் ஓரம் நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடும், மையத்திலிருந்து 25 மி.மீ. தூரத்தில் அது மூன்றில் ஒரு பங்குதான். ஒரே இடத்தில் அழுத்தினால் மரம் கருகும், தாளும் வளையமாகத் தேயும்.

வட்ட ஜிக்: துளை வரிசையும் திருகு நிறுத்தியும்

வட்டத் துண்டை நடுவில் ஒரு முளையில் மாட்டிச் சுழற்றித் தேய்க்க உதவும் சட்டம்தான் வட்ட ஜிக். முளைக்கு 10 மி.மீ. இடைவெளியில் துளை போட்ட பலகை எளிது. பொம்மைச் சக்கரத்துக்குப் போதும். குறிப்பிட்ட அளவு வேண்டுமென்றால் மேசையில் டிஸ்க்குக்குச் செங்குத்தாகச் சறுக்கும் கட்டையும் அதன் பின்னால் ஒரு எம்6 போல்ட் நிறுத்தியும் வேண்டும். எம்6 சாதாரண மரையின் இடைவெளி 1 மி.மீ.; ஒரு முழுச் சுற்றுக்கு ஆரம் 1 மி.மீ., விட்டம் 2 மி.மீ. மாறும். கால் சுற்று திருப்பினால் விட்டத்தில் அரை மி.மீ. இந்தத் துல்லியத்தைத் துளை வரிசையால் தர முடியாது.

மைய முளைக்கு ஆணியைவிட 4 மி.மீ. துளையிடும் ஊசியின் வழவழப்பான தண்டு நல்லது. முளை துளையில் ஆடினால் வட்டம் முட்டையாகும், குற்றம் டிஸ்க்கின் மேல் போகும். ரம்பத்தில் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்துக்கொண்டு, துண்டைச் சுழற்றிக்கொண்டே கட்டையை உள்ளே தள்ளுங்கள். தள்ளிவிட்டுப் பிறகு சுழற்றினால் முதல் தொடுமிடத்தில் தட்டையான கருகல் விழும். நடுவில் துளை கூடாத வேலைக்கு, துளையிட்ட சிறு பலகையை இரட்டை ஒட்டு நாடாவால் அடியில் ஒட்டிக்கொள்ளலாம்.

தாளை ஒட்டுவதா, வெல்க்ரோவா?

பசைத் தாள் தகட்டோடு தகடாகப் படியும், முனை கூராக வரும். கழற்றுவதுதான் தலைவலி. ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடுகாட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து, மிச்சப் பசையைக் கரைப்பானால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். சிறு பசைக் கட்டி விட்டுப்போனாலும் புதுத் தாளில் அது மேடாகி மரத்தில் கருங்கோடு இழுக்கும்.

வெல்க்ரோ திண்டு ஒட்டினால் 80-லிருந்து 180 கிரிட்டுக்கு (தாளின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) அரை நிமிடத்தில் மாறலாம். ஆனால் திண்டு மெத்தை, விளிம்புகள் மழுங்கும். சூடேறினால் கொக்கிகள் உருகித் தாள் கழன்று பறக்கும். திண்டின் தடிமனால் டிஸ்க் முகம் முன்னே வரும் என்பதால் மேசை இடைவெளியையும் புதிதாக வைக்க வேண்டும். மூட்டு வேலைக்குப் பசைத் தாள், வளைவுகளை வழவழப்பாக்க வெல்க்ரோ. ஒரே தாள்தான் என்றால் 80 கிரிட் பசைத் தாளைப் போட்டு, அடைப்பைக் கிரேப் ரப்பர் கட்டியால் நீக்கிக்கொண்டிருந்தால் அது நெடுநாள் வரும்.

பெல்ட்டுக்கு அடியில் உள்ள எஃகுத் தகட்டின் மேல் மர வேலைக்குக் கிராஃபைட் பூசிய கேன்வாஸ் ஒட்டலாம்; உராய்வும் சூடும் குறையும். ஆனால் தகடு குழிந்திருந்தால் அது குழியை நிரப்பாது, முதலில் தகட்டைத் தட்டையாக்க வேண்டும். கத்தி தீட்டுவோர் செராமிக் கண்ணாடி ஒட்டுவார்கள், அது வெகுநாள் தட்டையாக இருக்கும். சாதாரணக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும், அதை முயலவே வேண்டாம்.

வேகமும் தூசியும்

வேகக் கட்டுப்பாடு பலரும் கேட்பது. மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் குறைக்கும் கருவியான அதிர்வெண் மாற்றி மூன்று கட்ட மோட்டாருக்கானது; இந்த இயந்திரங்களில் இருக்கும் கபாசிட்டர் வைத்த ஒற்றைக் கட்ட மோட்டாரில் மாட்டினால் மோட்டார் சூடாகிக் கெடும். வேகம் குறைய வேண்டுமென்றால் பல விட்டங்கள் கொண்ட படிக் கப்பி, அதுவும் பெல்ட்டால் இயங்கும் இயந்திரமாக இருந்தால்.

தூசிக்கு, டிஸ்க்கின் கீழ்ப்பாதியைப் பெட்டிபோல மூடி 35 மி.மீ. வேக்குவம் குழாயை மேசையின் அடியிலேயே வைப்பது, மேலே தொங்கும் பெரிய மூடியைவிட நன்று. வேக்குவத்துக்கு இழுப்பு அதிகம், ஆனால் காற்றளவு குறைவு. வாய் தூசி எழும் இடத்தை ஒட்டியிருந்தால்தான் பிடிக்கும். 100 மி.மீ. குழாய் வைத்த தூசி சேகரிப்பான் இருந்தால் பெரிய மூடியும் செல்லும், ஆனால் குழாயை நடுவில் ஒடுக்கினால் அந்தக் காற்றளவு போய்விடும். எந்த அமைப்பானாலும் இரும்பைத் தேய்ப்பதற்கு முன் குழாயைக் கழற்றி, பெட்டிக்குள் தங்கிய மரத்தூளைக் கூட்டி எடுத்துவிடுங்கள். தூளுக்குள் விழுந்த ஒரு பொறி பல மணி நேரம் கனன்று, பட்டறையைப் பூட்டிப் போன பிறகு பற்றும்.