மட்டக்களப்பில் ஜோடி நடனம் பழக ஒரு வகுப்பு: நிறையும் குறையும்

மட்டக்களப்பு நகரில், தாண்டவன்வெளிப் பக்கத்திலுள்ள ஒரு பொது மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடைபெறும் ஜோடி நடன வகுப்பைப் பற்றி, அங்கு தொடர்ந்து பழகி வருபவள் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வோல்ட்ஸ், சா-சா-சா, சல்சா, ஜைவ் ஆகிய நான்கும் அங்கு கற்பிக்கப்படுகின்றன. பெயர்ப்பலகையோ விளம்பரமோ இல்லாமல், ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்து சேருகின்ற வகுப்பு அது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதற்கட்டப் பயிற்சி மிகவும் தரமானது, மாதக் கடைசியில் நடக்கும் ஆட்ட மாலை அதைவிடப் பெறுமதியானது, இரண்டாம் கட்டம் மட்டும் கட்டாயம் திருத்தப்பட வேண்டியது.

வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு கல்யாணத்தை முன்னிட்டே வருகிறார்கள். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் உறவினர் வந்து நிற்கும் வரவேற்பில் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருக்க விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். தேவாலயத்தில் கைப்பிடித்த பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடவேண்டிய முதல் வோல்ட்ஸுக்காக வருபவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் எதிர்பார்ப்பது, பார்ப்பவர் கைதட்டும் சுழற்சிகளை விரைவாகக் காட்டித் தரவேண்டும் என்பதைத்தான். முதல் நாளில் அப்படி எதுவுமே காட்டப்படுவதில்லை. நடக்கத்தான் சொல்லித் தருகிறார்கள். இதனால் முதல் மாதத்திலேயே சிலர் நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனெனில் இந்த வகுப்பின் சிறப்பு முழுவதும் அந்த முதல் மாதத்தில்தான் இருக்கிறது.

நடைப்பயிற்சி நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். எல்லோரும் 'மிஸ்' என்று அழைக்கும் ஆசிரியை, ஒரு பழைய பத்திரிகைத் தாளைத் துண்டுகளாகக் கிழித்து, எதிரெதிரே நிற்கும் இருவரின் உள்ளங்கைகளுக்கு நடுவே ஒவ்வொன்றை வைக்கிறார். தாள் விழவும் கூடாது, கசங்கவும் கூடாது. அந்த நிலையிலேயே ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் மண்டபத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை நடக்க வேண்டும். தாள் கசங்கினால் ஒருவர் தள்ளுகிறார் என்று அர்த்தம். விழுந்தால் ஒருவர் மற்றவரைக் கவனிக்காமல் தன் பாட்டில் போகிறார் என்று அர்த்தம். நம்மூர்ப் புழுக்கத்தில் சற்று நேரத்திலேயே தாள் வியர்வையில் ஊறி, அச்சு மை உள்ளங்கையில் படிந்துவிடும். யாருடைய கையில் மை திட்டாக அப்பியிருக்கிறதோ அவரிடம் மிஸ் வந்து நிற்பார். ஒரு பல்கலைக்கழக மாணவரிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "கையால தள்ளாத மனே. நீ நட, நீ நடந்தா அவ வருவா."

ஜோடி நடனத்தின் அடிப்படை முழுவதும் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுகிறது. லீட் செய்பவர், அதாவது ஜோடியில் வழிநடத்துபவர், அடுத்த அசைவைத் தன் உடலின் நடுப்பகுதியால் தொடங்குகிறார். கைகள் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன, அவ்வளவுதான். ஃபொலோ செய்பவர், அதாவது அதைப் பின்தொடர்ந்து ஆடுபவர், தன் உடல் நிறையை ஒரு காலில் தெளிவாக வைத்துக்கொண்டு, மறு காலைச் சும்மா வைத்திருந்தால்தான் அந்தச் செய்தியை உடனே வாங்கிக்கொள்ள முடியும். இரண்டு காலிலும் சமமாக நிறையை ஊன்றி நிற்பவரை எந்தத் திசைக்கும் மென்மையாக அழைத்துச் செல்ல முடியாது, இழுக்கத்தான் வேண்டிவரும். ஆகவே கையைப் பற்றிய பிரச்சினை போலத் தெரிவது பல நேரங்களில் காலைப் பற்றிய பிரச்சினைதான். முதற்கட்டத்தில் இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பார்த்துத் திருத்துகிறார்கள்.

வோல்ட்ஸ் மூன்று தட்டுத் தாளத்தில் அமைவது. மெதுவான வோல்ட்ஸ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 30 தாள வட்டம்வரை, அதாவது 84 முதல் 90 தட்டுவரை போகும். அடிப்படைச் சதுர நடையில் ஒன்றுக்கு ஒரு காலை முன்னே வைத்து, இரண்டுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து, மூன்றுக்குக் கால்களைச் சேர்க்க வேண்டும். புதிதாகப் பழகுபவர் தடுமாறுவது எப்போதும் அந்த மூன்றில்தான்: கால்கள் சேர்ந்துவிடும், நிறையோ மாறியிருக்காது. அப்படியானால் அடுத்த ஒன்றுக்கு எடுத்து வைக்க வேண்டிய கால் தரையோடு பிடித்துக்கொண்டு நிற்கும். பிழையான கால் எழும். எதிரிலிருப்பவரின் விரல் மிதிபடும். மிஸ் பாட்டை நிறுத்தாமல், மூன்று என்னும்போது மட்டும் எல்லோரையும் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, நிற்க முடியாதவர்களைக் கண்டுபிடிக்கிறார். இவ்வளவு எளிதான ஒரு சோதனையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சல்சாவிலும் இதே அக்கறை காட்டப்படுகிறது. எட்டு எண்ணிக்கையில் 1, 2, 3 என்றும் 5, 6, 7 என்றும் கால் வைத்து, 4ஐயும் 8ஐயும் வெறுமையாக விடவேண்டும். வேகமான பாட்டு ஓடும்போது அந்த வெறுமையைப் பொறுத்துக்கொள்ள யாராலும் முடிவதில்லை. 4லேயே அடுத்த காலை வைத்துவிட்டுப் பாட்டைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். எனவே தொடக்கத்தில் வேகம் குறைத்த இசையையே போடுகிறார்கள். சா-சா-சாவையும் ஜைவையும் முதற்கட்டத்தில் தொட்டுக் காட்டுவதோடு சரி, அதில் எனக்குக் குறையில்லை.

வடமோடிக் கூத்தை அறிந்த மட்டக்களப்பாருக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது. தாளக்கட்டுக்கு மிதித்துப் பழகாதவரை கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியாரும் களரியில், அதாவது ஆடுகளத்தில், ஏற்றமாட்டார். பாட்டும் உடுப்பும் கிரீடமும் பிறகு வருபவை. மேடைக்கு ஆடும் அந்தக் கலைக்கு நாம் கொடுக்கும் பொறுமையை, ஒருவரோடொருவர் ஆடி மகிழும் இந்தக் கலைக்கும் கொடுத்தால்தான் அது கைகூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி ஜோடி மாற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் பலருக்குத் தயக்கம் தருவது இதுதான். ஓரிரு பாட்டுக்கு ஒருமுறை ஃபொலோ செய்பவர்கள் வட்டத்தில் ஒரு இடம் நகர்ந்து அடுத்தவரிடம் போகிறார்கள். இதற்குக் கற்பித்தல் சார்ந்த வலுவான காரணம் உண்டு. எப்போதும் ஒரே ஆளோடு பழகும் இருவர், ஒருவரின் பிழையை மற்றவர் ஈடுசெய்து ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். தெளிவில்லாத லீட்டும்கூடப் பழக்கத்தால் அவருக்குப் புரிந்துவிடுகிறது. புதியவர் ஒருவர் முன்னால் வந்து நிற்கும்போதுதான் பிழை பிழையாகத் தெரியும். இன்னொரு பயனும் உண்டு: துணையில்லாமல் தனியாக வருபவர் சுவரோரம் ஒதுங்கி நிற்கும் நிலை வராது. அதே வேளை, கணவன் மனைவியாக வந்து மாற விரும்பாதவர்கள் வட்டத்துக்கு வெளியே நின்று தங்களுக்குள்ளேயே பழகலாம். அவர்களை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. முதற்கட்டத்தில் உள்ளங்கைப் பிடிக்கு மேல் நெருக்கம் கிடையாது. மண்டபத்தின் கதவும் யன்னல்களும் திறந்தே இருக்கும். அம்மாவோ தம்பியோ கூடவந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கலாம். ஆட அழைக்கப்படும் எவரும் "இப்ப வேணாம்" என்று சொல்லலாம், அழைத்தவர் காரணம் கேட்கக் கூடாது என்பதை முதல் நாளிலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் ஒரு மாலை வந்து பின்வரிசையில் இருந்து பார்க்கலாம்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை பாடம் இல்லை, ஆட்டம் மட்டுமே. அந்த மாலைக்கு இரண்டே விதிகள்: யாரும் யாருக்கும் கற்பிக்கக் கூடாது, வோல்ட்ஸ் ஓடும்போது எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மண்டபத்தைச் சுற்றி வரவேண்டும். முதலாவது விதி மிக முக்கியமானது. ஆடிக்கொண்டிருக்கும்போதே "அப்பிடியில்ல, இப்பிடி" என்று திருத்தப்படும் ஒருவர் அடுத்த மாதம் வரமாட்டார். தெரிந்ததை மட்டும் ஆடி, பிழைத்தால் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகும் சுதந்திரம் இருப்பதால்தான், தச்சு வேலை செய்பவரும் வங்கியில் இருப்பவரும் கிழக்குப் பல்கலைக்கழக மாணவியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே தரையில் ஆடுகிறார்கள். பாட்டுகளுக்கு நடுவே இஞ்சித் தேத்தண்ணியும் கடலையும் வருகின்றன. புதிதாக வந்தவரைப் பழையவர் ஒருவர் முதல் மூன்று பாட்டுக்குள் ஆட அழைத்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத வழக்கமாகிவிட்டது. கூட்டத்தை ஒன்றாக வைத்திருப்பது இந்த வழக்கம்தான் என்பது என் கருத்து.

அந்த மாலைகளில் நகரின் பறங்கியர் குடும்பங்களைச் சேர்ந்த மூத்தவர்கள் சிலரும் வருகிறார்கள். ஜோடியாக ஆடுவது வெளியூர்ப் பழக்கம், நமக்கு ஒவ்வாதது என்று சொல்பவர்கள் இவர்களை வந்து பார்க்க வேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். ஆட்சிகள் மாறிப் போனபின்னும் அந்தத் தொடர்பின் வழிவந்த மக்கள் தங்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் கபிரிஞ்ஞா ஆட்டத்தையும் வீட்டுக் கல்யாணங்களில் காத்து வந்திருக்கிறார்கள். லான்சர்ஸும் அவர்களுடைய கல்யாணங்களில் ஆடப்படுவது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய குவாட்ரில் வகையைச் சேர்ந்த அந்த ஆட்டத்தில், நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று, ஐந்து பகுதிகளாக, ஒருவருக்கொருவர் தலைசாய்த்தும் கைமாற்றியும் ஆடுவார்கள். முதியவர் ஒருவர் எண்ணிக்கை சொல்லாமலே, பாட்டின் அடி முடியும் இடத்தை மட்டும் கேட்டு, மனைவியின் விரல் நுனியைத் தொட்டுத் திருப்புவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தாள் வைத்து நாங்கள் பழகியதன் முழு வடிவம் அந்த விரல் நுனியில் இருந்தது. மிஸ் இந்த மூத்தவர்களிடம் கேட்டு லான்சர்ஸின் ஒரு பகுதியை எங்களுக்கும் பழக்கினார். கியூபாவின் ஹவானாவில் 1950களில் உருவான, வட்டமாக நின்று ஒருவர் குரல் கொடுக்க எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் துணை மாற்றும் றுவேடா ஆட்டத்தையும் அதே மாலையில் ஆடினோம். இரண்டும் தனியாளின் திறமையைவிடக் கூட்டத்தின் கவனத்தை நம்பியிருப்பவை. ஒரு கூட்டத்தைக் கட்டியெழுப்ப விரும்பும் எந்த வகுப்புக்கும் இவற்றை நான் பரிந்துரைப்பேன்.

இப்போது குறைகள். இரண்டாம் கட்டத்தை உதவி ஆசிரியரான ஓர் இளைஞர் எடுக்கிறார். நன்றாக ஆடுபவர், அன்பானவர். ஆனால் ஒரே மாலையில் பல சுழற்சிகளை அடுக்கிக் காட்டிவிட்டு, பாட்டைப் போட்டுவிடுகிறார். முதற்கட்டத்தில் அவ்வளவு பாடுபட்டு வந்த நிறை மாற்றமும் மென்மையான கைப்பிடியும் இங்கு சில வாரங்களிலேயே கரைந்து போவதைக் கண்ணால் காணலாம்: சுழற்ற வேண்டும் என்ற அவசரத்தில் ஆண்கள் கையை முறுக்குகிறார்கள், பெண்கள் அடுத்தது என்னவென்று ஊகித்து முந்திச் சுழல்கிறார்கள். வரிசையை மனப்பாடம் செய்த இருவர் மட்டும் சேர்ந்து ஆடலாம். வேறொருவரிடம் போனால் எதுவும் நடக்காது. ஒரு மாலைக்கு ஒரு சுழற்சி போதும். அதன் முதல் அசைவு எந்த எண்ணிக்கையில் தொடங்குகிறது, எந்தக் கால் சும்மா இருக்கிறது என்பதை ஆறுதலாகப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வகுப்பில் பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சில பெண்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்கும் லீட் செய்யப் பழக்கினால் இந்தக் காத்திருப்பு இல்லாமற் போகும். உலகின் பல சமூக நடன வகுப்புகளில் இன்று இது சாதாரணம். இங்கோ கேட்பவர்களுக்கு மட்டும் கற்பிக்கிறார்கள், எல்லோருக்கும் கற்பிப்பதில்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவர் இரண்டையும் நன்றாகச் செய்வார் என்பதால், ஆண்களும் ஃபொலோ செய்யப் பழகுவது அவர்களுக்கே நன்மை.

மண்டபம் சுமார். தகரக் கூரை என்பதால் மாரி மழை கொட்டும்போது பாட்டும் கேட்காது, மிஸ்ஸின் குரலும் கேட்காது. கார்த்திகை மார்கழியில் பல வகுப்புகள் பாதியில் நின்றுவிடுகின்றன. மின்விசிறிகள் போதாது. கட்டணம் உயர்தர மாணவர் ஒரு பாடத்துக்குக் கட்டும் ரியூஷன் காசளவுதான், ஆட்ட மாலைக்குத் தனியாக வாங்குவதில்லை. களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் முடியும் நேரத்தைக் கேட்டு, திரும்பும் பஸ்ஸை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

செல்பவர்கள் வியர்வை துடைக்க ஒரு துவாயும் மாற்றுச் சட்டையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு நீங்கள் செய்யும் முதல் மரியாதை அது. றப்பர் அடியுள்ள சப்பாத்து சீமெந்துத் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும்போது பாதம் திரும்பாமல் முழங்கால் முறுகும். தோல் அடியுள்ளது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தடித்த காலுறை போதும். கல்யாண ஜோடிகளுக்கென்று குறுகிய காலப் பயிற்சி ஒன்றும் இருக்கிறது. அதில் ஒரு பாட்டுக்கான அசைவுகளை மனப்பாடமாகத் தருவதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். திருமணத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்னதாகவே வழமையான முதற்கட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். எந்த வோல்ட்ஸ் பாட்டைப் போட்டாலும் ஆடிவிடலாம். புதிய பிரிவு தைப்பொங்கலுக்குப் பின் தொடங்குகிறது. முதற்கட்டத்துக்கு மட்டும் பணம் கட்டிச் சேருங்கள். இரண்டாம் கட்டத்துக்குப் போவதானால், அதை மிஸ் நேரில் எடுக்கிறாரா என்று கேட்டறிந்த பிறகு கட்டுங்கள்.