வேலூர்ல இருந்து 718 கேமன்: பின் டயர் கதையும் லாங் ட்ரைவ் அனுபவமும்

செகண்ட்ஸ்ல வாங்குன போர்ஷே 718 கேமன், 2.0 லிட்டர் டர்போ, 300 குதிரைத்திறன், பிடிகேங்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். என் கைக்கு வந்து சில வருஷம் ஆச்சு, நான் மாட்டுன ரெண்டாவது ஜோடி பின் டயரும் இப்ப முடியற நேரம், அதனால இத எழுதிடலாம்னு உக்காந்தேன். எஞ்சின் சத்தம், பிக்கப், ஸ்டீயரிங் பத்தியெல்லாம் எங்க தேடுனாலும் கிடைக்குது, ஆனா வேலூர் மாதிரி வெயில் ஊர்ல வச்சிகினு வார கடைசியானா பெங்களூரு, குடகு, ராமேஸ்வரம்னு கிளம்புறவனுக்கு நிஜமா செலவு வைக்கிறது டயர் தான்.

முதல்லயே சொல்லிடறேன், இந்த வண்டியில பின் டயர் நடுவுல தேய்ஞ்சு முடியறதில்ல, உள் ஓரத்துல தேய்ஞ்சு முடியுது. வெளிய நின்னு பாத்தா பட்டன், அதாவது ரோட்ல படற ரப்பர் கட்டைங்க, நல்லா தடியா இருக்கும், பாக்கறவங்க எல்லாம் "டயர் புதுசு போல இருக்கே"ம்பாங்க, வண்டிக்கு அடியில தலைய விட்டு லைட் அடிச்சு பாத்தா தான் உள்பக்க காடி கிட்டத்தட்ட மொட்டையா இருக்கறது தெரியும். செகண்ட்ஸ்ல ஸ்போர்ட்ஸ் கார் பாக்க போறவங்க பாலிஷ் போட்ட பானெட்ட பாக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க, அந்த வண்டிய வச்சிருந்தவர் எப்படி பராமரிச்சாருன்னு உள் ஓரம் சொல்லிடும்.

காரணம் பெரிய ரகசியம் இல்ல. எஞ்சின் சீட்டுக்கு பின்னாடி, பின் ஆக்சிலுக்கு முன்னாடி உக்காந்திருக்கு, அதனால எடையில பாதிக்கு மேல பின்னாடி தான், வண்டிய தள்ளுறதும் பின் சக்கரம் தான். அதோட வளைவுல நல்லா பிடிச்சு நிக்கணும்னு கம்பெனியிலயே பின் சக்கரத்த மேல்பக்கம் லேசா உள்ள சாய்ச்சு வச்சிருக்காங்க, நெகட்டிவ் கேம்பர்ங்கறது இது தான். வளைவுல அது பிரமாதமா வேல செய்யும். ஆனா பள்ளிகொண்டாவுல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் நேரா போற ரோட்ல மணிக்கணக்கா ஓட்டும்போது பாரம் உள் ஓரத்துல தான் அதிகமா விழுது. என் வண்டியில 18 இன்ச் ரிம், முன்னாடி 235/45, பின்னாடி 265/45. அகலம் வேற வேறங்கறதால சாதாரண கார் மாதிரி முன்ன பின்ன மாத்தி போட்டு தேய்மானத்த சமாளிக்கற வேலையே இங்க நடக்காது. இடது வலது மாத்துனாலும் பிரயோஜனம் இல்ல, பக்கவாட்டுல அவுட்சைடுன்னு எழுதியிருக்கற பக்கம் எப்பவும் வெளிய தான் இருக்கணும், அப்ப உள் ஓரம் உள் ஓரமாவே தான் இருக்கும்.

என் கணக்குல பின் ஜோடி 18,000ல இருந்து 20,000 கிமீ கிட்ட வருது, முன் ஜோடி அதுல ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் கம்மி. இது பாதிக்கு மேல ஹைவே ஓட்டம், நடுவுல மலை, மிச்சம் ஊருக்குள்ள. முதல் ஜோடிக்கும் ரெண்டாவது ஜோடிக்கும் ஆயுள்ல நல்ல வித்தியாசம் இருந்துச்சு, அந்த வித்தியாசத்த கொண்டு வந்தது நான் ஓட்டுன விதம் இல்ல, அலைன்மெண்ட்.

அத கண்டுபிடிச்சு குடுத்தது காட்பாடி ரோட்டுல நான் வழக்கமா காத்து புடிக்கிற கடையில வேல செய்யற தம்பி. வண்டிய லிஃப்ட்ல ஏத்தி உள்ளங்கைய டயர் மேல வச்சு உள்பக்கமா ஒரு தடவ, வெளிப்பக்கமா ஒரு தடவ தடவுனான். "ண்ணா, நீங்களே கைய வச்சு பாருங்க, இந்தாண்ட தடவுனா வழுக்குது, அந்தாண்ட தடவுனா ரம்பம் மாதிரி அறுக்குது. கேம்பர் மட்டும்னா இப்படி ஆவாது, டோ ஓடிப்போய் கீது." கைய வச்சு பாத்தேன், ஒவ்வொரு பட்டனோட ஒரு விளிம்பு மட்டும் கூரா நிக்குது. டோன்னா மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கற கோணம், அது தப்பாகி சக்கரம் நேரா உருளாம லேசா கோணலா இழுபட்டுகினே போனா தான் ரப்பர் அப்படி சீவும். மெஷின் ஏதும் இல்லாம கை வாக்குலயே சொன்னான், அவனுக்கு நான் ரொம்ப கடமைப்பட்டிருக்கேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பெரிய கடையில அலைன்மெண்ட் பண்ணப்ப "பின்னாடி அட்ஜஸ்ட்மெண்ட்டே கிடையாது சார்"னு சொல்லி முன் சக்கரத்த மட்டும் நேர் பண்ணி பிரிண்ட் எடுத்து குடுத்து முழு காசும் வாங்கிட்டாங்க. அது தப்பு, இந்த வண்டியில பின்னாடி கேம்பர், டோ ரெண்டுமே மாத்தலாம். அப்புறம் பெங்களூருல இந்த மாதிரி வண்டிங்கள தினமும் பாக்கற ஒருத்தர் கிட்ட கொண்டு போய் நாலு சக்கரமும் பண்ணேன், கம்பெனி குடுத்த அளவுக்கு உள்ளயே கேம்பர எவ்வளவு கம்மியா வைக்க முடியுமோ அவ்வளவுல வச்சு, டோவையும் சரி பண்ணி குடுத்தார். ரெண்டாவது ஜோடியோட உள் ஓரமும் நடுவும் இப்ப ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள்ள தான் இருக்கு. அலைன்மெண்ட் பண்றவங்க கிட்ட செய்யறதுக்கு முன்னாடி அளவு, செஞ்சதுக்கு அப்புறம் அளவு ரெண்டும் இருக்கற பிரிண்ட் கேளுங்க, அதுல பின் சக்கர கட்டம் காலியா இருந்தா பணம் குடுக்காதீங்க.

ரோடு விஷயத்துக்கு வரேன். 48ம் நம்பர் நெடுஞ்சாலையில ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர் வழியா சீரான வேகத்துல போறது அலைன்மெண்ட் சரியா இருந்தா டயருக்கு பெரிய பாரம் இல்ல, ரப்பர் சூடாகும், அவ்வளவு தான். 38ம் நம்பர்ல கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை வழியா தெக்க இறங்குறதும் அப்படித்தான், ஊருக்கு ஊர் வேகத்தடை வரும், மூக்கு தட்டாம குறுக்கா ஏத்தி இறக்கணும், அங்க டயர விட முன் பம்பருக்கு தான் பயம். டயர் தேயறது மலையில. ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு தான், ஆனா ஒவ்வொண்ணும் குறுகல், ஏத்தத்துல திரும்பும்போது உள்பக்க சக்கரத்து மேல எடை கம்மியாயிடும். இந்த எஞ்சின் 1,950 ஆர்பிஎம்லயே 380 என்எம் டார்க்க, அதாவது சக்கரத்த சுத்துற விசைய, கொட்டிடும், அந்த நேரம் ஆக்சிலேட்டர கொஞ்சம் கூட மிதிச்சாலே சக்கரம் வழுக்கி டேஷ்போர்டுல மஞ்சள் லைட் மினுக்கும். அந்த லைட் மினுக்குற ஒவ்வொரு தடவையும் ரப்பர் போகுதுன்னு அர்த்தம். வளைவுல வண்டி நேராகற வரைக்கும் காலு பொறுமையா இருந்தா போதும், வேகம் ஒண்ணும் குறையாது, ஓட்டம் இன்னும் அழகா வரும். பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பள்ளி மலைப்பாதைக்கும் இதே தான். ஆலங்காயத்துல இருந்து காவலூர் வானாய்வகம் பக்கம் ஏறுற ஜவ்வாது மலை ரோடு எனக்கு ரொம்ப புடிச்ச ரோடு, கூட்டம் கம்மி, ஆனா புதுசா ஜல்லி தூக்கலா தார் போட்ட இடங்கள்ல டயர உப்புத்தாள் வச்சு தேய்க்கற சத்தமே கேக்கும், அங்க நான் மெதுவா தான் போவேன்.

வெயில் பத்தி கண்டிப்பா சொல்லணும். கத்திரி நேரத்துல இங்க 40 டிகிரி தாண்டறது சாதாரணம், தார் ரோடு அத விட ரொம்ப சூடு. காத்தழுத்தம் சுமார் 5, 6 டிகிரி சூட்டுக்கு ஒரு பிஎஸ்ஐ ஏறும். விடியக்காலையில சரியா வச்சுட்டு கிளம்புனா மத்தியானம் கிருஷ்ணகிரி டோல் கிட்ட டிஸ்ப்ளேல அஞ்சாறு பிஎஸ்ஐ கூட காட்டும், பதறிப்போய் பங்க்ல நிறுத்தி காத்த இறக்கிடாதீங்க. சூட்டுல இறக்குனா ராத்திரி ஆறுனதுக்கு அப்புறம் காத்து கம்மியாயிருக்கும், அதோட மறுநாள் கிளம்புனா ரெண்டு ஓரமும் தேயும், பக்கவாட்டு வளைஞ்சு வளைஞ்சு உள்ளுக்குள்ள சூடேறும், ஹைவேல டயர் வெடிக்கறதுக்கு முக்கிய காரணமே அது தான். டிரைவர் கதவ தொறந்தா ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவு ஆறுன டயருக்கு. நான் சொந்தமா ஒரு டிஜிட்டல் கேஜ் வச்சிருக்கேன், ஏன்னா பங்க்குக்கு பங்க் மீட்டர் வேற வேற காட்டுது. நைட்ரஜன் அடிக்கலாமான்னு கேப்பாங்க, சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தான், ஈரம் இல்லாத காத்துங்கறது ஒண்ணு தான் லாபம். காலையில எழுந்து செக் பண்ற பழக்கம் அத விட மேல்.

மழை இதுக்கு நேர் எதிர். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மிமீ வரைக்கும் ஓட்டலாம், காடிக்குள்ள குறுக்க இருக்கற சின்ன மேடு அந்த அளவுக்கு தான் வச்சிருக்காங்க. நான் 3 மிமீ வந்தாலே பின் ஜோடிய மாத்திடுவேன், இதுல எனக்கு பேரமே கிடையாது. அகலமான டயர் தண்ணிய வெளிய தள்ள அதிகமா கஷ்டப்படும், வண்டி எடையும் கம்மி, பட்டன் ஆழம் இல்லன்னா தண்ணி மேல மிதக்க ஆரம்பிச்சுடும். ஒரு ஐப்பசி மழையில மாதனூர் பக்கம் ரோட்டோரம் தேங்குன தண்ணியில இடது சக்கரங்க இறங்குனப்ப ஸ்டீயரிங் ஒரு நொடி லேசாச்சு, ஆழம் நல்லா இருந்த டயருங்கறதால உடனே புடிச்சுகிச்சு. அதனால புது டயர் மாத்தற நேரத்த நான் புரட்டாசிக்குள்ள வர்ற மாதிரி தான் கணக்கு போடறேன், வடகிழக்கு பருவமழைய புது பட்டனோட சந்திக்கணும்.

டயர் வாங்கறது தனி பாடு. அரக்கோணத்துல எம்ஆர்எஃப் தொழிற்சாலை, ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னும் எத்தன டயர் கம்பெனி, இவ்வளவு டயர் செய்யற வட்டாரத்துல இருந்துகினு என் சைஸுக்கு வெளிநாட்டு சரக்குக்கு காத்திருக்க வேண்டியிருக்கு. 2020 ஜூன்ல புது டயர் இறக்குமதிக்கு லைசன்ஸ் வேணும்னு கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க, ஐஎஸ்ஐ முத்திரையும் வேணும், அதனால இந்த மாதிரி சைஸ் எப்ப ஸ்டாக் வரும்னு கடைக்காரங்களே சொல்ல முடியறதில்ல. போர்ஷேக்குன்னு செஞ்ச டயர்ல பக்கவாட்டுல என்0, என்1னு குறி இருக்கும், ஒரே ஆக்சில்ல ரெண்டும் ஒரே குறியா இருக்கணும். இன்னொண்ணு, பக்கவாட்டுல டாட்னு (DOT) ஆரம்பிக்கற நம்பரோட கடைசி நாலு இலக்கம், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஒரு கடையில புது டயர்னு பழைய ஸ்டாக்க எடுத்து வச்சாங்க, நம்பர காட்டுனேன், "ஓடாத டயர் தான சார்"னாங்க, ஓடலன்னாலும் ரப்பர் காயும், வேணாம்னு வந்துட்டேன். 20 இலட்சமோ 80 இலட்சமோ, வண்டிய ரோட்டோட சேக்கறது உள்ளங்கை அகலத்துக்கு நாலே இடம், அதுல சமரசம் கூடாதுங்கறது என் உறுதியான எண்ணம்.

ஸ்டெப்னி கிடையாது, பஞ்சருக்கு ஒரு திரவமும் கம்ப்ரசரும் தான். பட்டன்ல ஆணி ஏறுனா அது உதவும், பக்கவாட்டு கிழிஞ்சா ஃப்ளாட்பெட் வண்டிய கூப்பிடறத தவிர வழி இல்ல. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டுல தண்ணி மூடுன பள்ளத்துல விழுந்து முன் டயர் ஒண்ணு பக்கவாட்டுல கொப்பளம் வந்துச்சு, அந்த டயர உடனே கழட்டியாச்சு, கொப்பளம் வந்த டயர்ல ஒரு கிலோமீட்டர் கூட நம்பி போகக்கூடாது.

இவ்வளவு சொல்லியும் லாங் ட்ரைவுக்கு இது அருமையான வண்டி தான். சீட்டு முதுக தாங்குற விதத்துல ராமேஸ்வரம் வரைக்கும் போய் இறங்குனாலும் இடுப்பு வலி இல்ல. முன்னாடி 150 லிட்டர் டிக்கி நல்ல ஆழம், ஒரு கேபின் பெட்டி அப்படியே இறங்கும், பின்னாடி இன்னொரு டிக்கி. பின்னாடி டிக்கி எஞ்சின் சூட்டுல கதகதன்னு இருக்கும், ஆம்பூர் பிரியாணி பார்சலுக்கு அது நல்ல இடம், ஆற்காடு மக்கன் பேடாவ மட்டும் முன்னாடி வைங்க. டயர் சத்தம் தான் கொஞ்சம் அதிகம், சொரசொரப்பான ரோட்ல பக்கத்துல இருக்கறவங்க பேசறதுக்கு குரல் உசத்தணும், பட்டன் சீவிக்கிட்டு தேய்ஞ்சா அந்த சத்தம் இன்னும் கூடும், அதையே ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கலாம்.

அடுத்த பின் ஜோடிக்கு சொல்லி வச்சாச்சு, வந்ததும் கொல்லிமலைக்கு கிளம்பறேன், 70 கொண்டை ஊசி வளைவு. ஆனா நேரா அங்க போறதில்ல, புது டயர் மேல அச்சுல இருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், முதல் 200 கிமீ அடக்கி ஓட்டணும், அதுக்கு கிருஷ்ணகிரி வரைக்கும் நிதானமா போயிட்டு வந்தா சரியா இருக்கும். வந்ததும் சக்கர போல்ட்ட டார்க் ரெஞ்ச் வச்சு இன்னொரு தடவ 160 என்எம்ல செக் பண்ணிட்டு தான் மலைக்கு.