சோழவரம் ஃபியட்டுக்கு நாலு டயர்

இந்த முறை ஊருக்குப் போனது முக்கியமாக ஒரே வேலைக்காக. அப்பாவின் ரேஸ் கார் ஃபியட் 1100-க்கு நாலு டயர் வாங்க வேண்டும். சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பிப்ரவரி ரேஸ் நடந்த நாட்களில் ஓடிய கார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தபிறகு பெரம்பூர் வீட்டு ஷெட்டுக்குள் போனது, அப்படியே நிற்கிறது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பெரிய கடை ஒன்று. ஏசி, கண்ணாடிக் கதவு, காபி எல்லாம் உண்டு. கவுன்டரில் இருந்த தம்பி வண்டி நம்பர் கேட்டார், தட்டினார், ஒன்றும் வரவில்லை. மாடல் சொன்னேன். பட்டியலில் அதுவும் இல்லை.

"ரிம் 14 இஞ்ச், அகலம் அஞ்சரை. அதுக்கு ஏத்த டயர் காட்டுங்க."

"1100-க்கு 5.20-14 தான் சார். அது இப்போ வர்றதில்ல."

அவர் சொன்னது 5.20 இஞ்ச் அகலத்தில், 14 இஞ்ச் ரிம்முக்கான ஒல்லி டயர். சாதா ஃபியட்டுக்குச் சரி, எங்கள் வண்டிக்குத் தவறு. அந்தக் காலத்தில் ரேஸ் ஓட்டியவர்கள் ரிம்மை வெட்டி, நடுவே பட்டை வைத்து வெல்டு செய்து அகலமாக்குவார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்தார். அஞ்சரை இஞ்ச் ரிம்மில் ஒல்லி டயரை மாட்டினால் பக்கச் சுவர் வெளியே இழுபடும், வளைவில் விளிம்பு கழன்றுகொள்ளும். ரிம் டிக்கியில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். "பார்த்து என்ன சார் பண்றது, சிஸ்டத்துல இல்லையே." நாற்பது நிமிடம் நின்றேன். வாசல் வரைக்கும்கூட யாரும் வரவில்லை. இதே ரோட்டில் அப்பாவோடு வந்த நாட்களில் கடைக்காரரே இறங்கி வந்து சக்கரத்தின் முன்னால் குந்துவார்.

அடுத்த கடையில் 5.20-14 இருந்தது. "புது ஸ்டாக்" என்றார்கள். குனிந்து டயரின் பக்கச் சுவரில் தேதி எண்ணைப் பார்த்தேன்: 1411. 2011ஆம் வருடம் 14ஆவது வாரம் செய்தது. எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. பிரிட்டனில் லாரி, பஸ் முன்சக்கரத்தில் பத்து வருடம் தாண்டிய டயர் ஓடக் கூடாது என்று 2021இல் சட்டமே வந்தது. பர்மிங்காமில் நண்பரின் பழைய மினி காருக்கு டயர் கேட்டு போன் செய்தபோது கடைக்காரர் முதலில் கேட்டது ரிம் அகலம். வண்டிப் பெயரை அதற்கப்புறம்தான் கேட்டார்.

கடைசியில் புதுப்பேட்டை. அடுக்கிய இன்ஜின்களுக்கு நடுவே, கிரீஸ் வாசனையில், எழுபது வயது பாய் ஒருவர். ஒரு வார்த்தை கேட்காமல் இஞ்ச் டேப்பை எடுத்து ரிம்மின் உள் அகலத்தை மூன்று இடத்தில் அளந்தார். பழைய டயரின் உயரம் அறுபது சென்டிமீட்டர் சொச்சம். 165/80 R14 டயர் (165 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் பக்கச் சுவர் உயரம், 14 இஞ்ச் ரிம்) அறுபத்திரண்டு வரும், தாழ்த்திய ஸ்பிரிங்கில் மட்கார்டு உரசும். 175/65 R14 ஐம்பத்தெட்டு, அஞ்சரை ரிம்மில் ஒழுங்காக உட்காரும். ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி மாட்டினார்.  

"டியூப் போட்டுத்தான் ஓட்டணும் தம்பி. இந்த ரிம்முல விளிம்பைப் பிடிச்சு நிறுத்துற மேடு கிடையாது. ரேடியல் டயருக்குன்னு உள்ள டியூபா பார்த்து வாங்குங்க."

அப்புறம் ஒரு ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு ரிம்மின் வெல்டையும் தட்டினார். மூன்று 'ணங்' என்றன. நான்காவது 'டொக்' என்றது. துணியால் துடைத்துக் காட்டினார். வெல்டு ஓரமாக முடி அளவு விரிசல்.

"இதுல டயர் போட மாட்டேன். எவ்வளவு குடுத்தாலும் மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். ரிம்மை அவரிடமே விட்டு, என் தம்பியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ராத்திரி வீட்டில், ஒரு ரிம் போச்சுப்பா என்று ஆரம்பித்தேன். அப்பா சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"முன்னாடி இடது பக்கமா? அது எண்பத்திரண்டுல ஓரக் கல்லுல ஏறினது."