குளூட்டன் இல்லாத ஆட்டா: ருசி சரி, விலைதான் இடிக்கிறது

டெல்லியில் அக்கா மகனுக்கு சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று தெரிந்த பிறகு வீட்டுக்கு வந்த மாவு இது. அரிசி, சோளம், மரவள்ளி மாவு கலந்தது. வெந்நீரில் பிசைந்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் சப்பாத்தி உடையாமல் வருகிறது, சூடாக நன்றாகவே இருக்கிறது, ஆறிவிட்டால் அட்டைதான், பள்ளிக்குக் கட்டிக்கொடுக்க ஆகாது.

விலை சாதாரண ஆட்டாவைப் போல மூன்று மடங்குக்கு மேல்! இத்தாலியில் இந்த நோயாளிகளுக்கு அரசே மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. இங்கே ரேஷன் கோதுமையை நம்பியிருக்கும் குடும்பம் என்ன செய்யும்? இத்தனைக்கும் இது வசதியான ஊர்களில் அதிகம் தெரியும் நோய். 2008-ல் வந்த ஆய்வில் பின்லாந்துப் பிள்ளைகளில் 107 பேருக்கு ஒருவர், எல்லையைத் தாண்டினால் வசதி குறைந்த ரஷ்ய கரேலியாவில் 496 பேருக்கு ஒருவர். கோதுமை இரு பக்கமும் உண்டு, மரபணுவிலும் பெரிய வித்தியாசமில்லை. கிருமிகளோடு புழங்கி வளர்வது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் வந்துவிட்டால் ஏழைக்குத்தான் அடி, மருந்தே இந்த மாவுதானே.

அப்புறம், மாவை மட்டும் மாற்றினால் போதாது, கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும், லேபிளைப் பாருங்கள். மாவுக்கு ஐந்துக்கு மூன்று.