கத்தி வைக்காமல் எடை குறைத்தேன், தேத்தண்ணிச் சீனிதான் விடமாட்டேன் என்கிறது

பத்தனையில் என்னோடு ஆசிரியப் பயிற்சி எடுத்த தோழிக்கு, இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று கொழும்பில் ஒரு வைத்தியர் சொல்லியிருக்கிறார். "கத்தி வைக்காமல் குறைத்தவள் நீ. இத்தனை வருசம் கழித்து எப்படி இருக்கு, உண்மையைச் சொல்லு" என்று கேட்டாள். பதில் நீண்டுவிட்டது, எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

செய்தது என்னவோ எல்லாருக்கும் தெரிந்ததுதான். சோறு பாதி, மரக்கறி இரண்டு மடங்கு, கூடவே பருப்போ நெத்தலியோ முட்டையோ. இரவில் ஒரு ரொட்டியோடு சரி. காலையில் நடை. லீக்ஸும் போஞ்சியும் கோவாவும் விளைகிற ஊரில் மரக்கறிக்கு அலைய வேண்டியதில்லை. குரக்கனுக்கு மாறினால் போதும் என்று சொல்கிறவர்களை மட்டும் நம்பாதே. குரக்கனில் நார் கூட, பசி தாங்கும், ஆனால் கலோரிக் கணக்கில் கோதுமை மாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று ரொட்டி தின்றால் மூன்று ரொட்டிதான்.

எண்பதைத் தாண்டியிருந்த எடை எழுபதுக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. வெறும் வயிற்றில் பார்க்கிற சீனி அளவு எல்லைக்கோட்டிலிருந்து இறங்கிவிட்டது. பாடசாலைப் படிக்கட்டில் மூச்சு வாங்குவதில்லை. இதெல்லாம் நிஜம், குறை சொல்ல மாட்டேன். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், உடல் எடையில் 7 சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு போனவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. நான் அந்த 7ஐத் தாண்டியாயிற்று.

நடையில் ஒரு விஷயம். அட்டன் பக்கம் சமதரை என்றால் பாடசாலை மைதானமும் ரயில் பாதையும்தான், ரயில் பாதையில் நடக்கக்கூடாது. மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம் முழங்காலையே வாங்கிவிடும். நான் ஏறிப் போய்ச் சந்தியில் பஸ் பிடித்துத் திரும்புவேன். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சரி, தேத்தண்ணிக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவது என் வேலையில் பாதி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தேத்தண்ணி வரும். குடித்து முடிக்கும்போது கோப்பையின் அடியில் கரையாத சீனி ஒரு விரல் கனத்துக்குக் கிடக்கும். "கொஞ்சந்தான் டீச்சர் போட்டேன்" என்று அதையும் கலக்கிவிட ஒரு கரண்டி வரும். மூன்று தேக்கரண்டி சீனி என்றால் ஏறக்குறைய 15 கிராம், 60 கலோரி. ஐந்து வீடு ஏறி இறங்கினால் 300. காலையில் ஒரு மணி நேரம் வேர்க்க நடந்து எரித்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சீனியை நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது எனக்கு இரண்டாவது வீட்டிலேயே முடிந்துவிடும்.

வேண்டாம் என்றால் இரண்டே கேள்விதான். "நம்ம வீட்டுத் தேத்தண்ணி பிடிக்கலீங்களா?" இல்லாவிட்டால், "என்னா டீச்சர், ஒடம்பு இப்படி எளச்சிப் போச்சு, சீனி வருத்தமா?" முதல் கேள்விக்குக் குடித்துவிட வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. எனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்றுகூடத் தோட்டத்தின் ஒரு டிவிசனில் பேச்சு ஓடியது. அப்புறம் ஒரு வழி பிடித்தேன். சீனியைத் தனியாகக் கேட்பேன், உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குடிக்கிறேன் என்று. பாதி வீட்டில் செல்லும். மீதி வீட்டில் கலக்கியேதான் வருகிறது.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. விடிய முன்னே பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போய், கூடையோடு மலை ஏறுகிறவருக்கு அந்தச் சீனியும் ரொட்டியும்தான் பத்து மணி வரை தெம்பு. இருக்கிற சீனியை வந்தவளுக்குக் கூடுதலாகப் போடுவது மரியாதை. இதெல்லாம் தெரிந்தும் எரிச்சல் வருகிறது. வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலைச் சோற்றுப் பானையிடம் காட்டுகிறேன், மகளிடமும் காட்டுகிறேன்.

உன் விஷயத்துக்கு வருவோம். அந்தச் சத்திரசிகிச்சையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள், திரும்ப வைக்க முடியாது. விட்டமின் ஆயுள் முழுக்க. அதற்குப் பிறகும் சாப்பாட்டில் கவனம் வேண்டும், ஆகவே தேத்தண்ணி உன்னையும் விடாது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். என் வழியில் பெரும்பாலோருக்குக் குறைவது 5 முதல் 10 சதவீதம், சத்திரசிகிச்சையில் குறைவது அதற்கும் மேலே. எடை குறைந்ததும் உடம்பு பசியைக் கூட்டி, செலவைக் குறைத்து, இழந்ததைத் திரும்ப வாங்கப் பார்க்கும். சத்திரசிகிச்சையில் இரைப்பையின் அந்தப் பங்கை எடுக்கும்போது பசியைத் தூண்டும் ஹோர்மோனும் சேர்ந்து குறைகிறது. எனக்கு அந்தச் சலுகை இல்லை, ஒவ்வொரு நாளும் பசியோடு பேரம்தான். உனக்கு எடை மிகவும் கூட, சீனி வருத்தமும் இருக்கிறது என்றால், என்னைப் பார்த்து அந்த வைத்தியரை வேண்டாம் என்று சொல்லாதே. ஆசியர்களுக்கு இன்னும் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) அதை யோசிக்கலாம் என்று இப்போது வழிகாட்டலே இருக்கிறது.

நல்ல வழியா என்றால், நல்ல வழிதான். காசு செலவில்லை, தழும்பில்லை, நான் விடப்போவதுமில்லை. உனக்குச் சொல்லுவேனா என்றால், இந்த வாரம் சொல்ல மாட்டேன். ஒரு கிழமையாக மழை விடவில்லை, நடை இல்லை, நேற்று ஒரு சடங்கு வீட்டில் கேசரியும் நாலு தேத்தண்ணியும். காலையில் தராசில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மழை விட்ட பிறகு இன்னொரு தடவை கேள்.