குட்டைக்கு ஷீட் ஒட்ட எது: ஹாட் ஏர் கன்னா, வெட்ஜ் மெஷினா?

நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் எங்கள் கேரட் தோட்டத்துப் பண்ணைக்குட்டைக்கு இந்த வருடம் 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) கனமுள்ள எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட் போட்டோம். கம்பெனியிலேயே ஒரே விரிப்பாக ஒட்டித் தருவார்கள். ஆனால் இந்த ஷீட் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ. 500 சதுர மீட்டர் என்றால் கால் டன். லாரி ரோட்டோடு நின்றுவிடும் எங்கள் ஊரில் அதைப் படிப்படியான தோட்டங்கள் வழியே தோளில் சுமந்து இறக்க முடியாது. பட்டை பட்டையாகக் கொண்டுபோய்க் குட்டைக்குள்ளேயே ஒட்டுவதுதான் வழி.

அதற்குக் கையில் பிடித்து ஒட்டும் ஹாட் ஏர் கன் ஒன்று, தானே நகர்ந்து ஒட்டும் வெட்ஜ் மெஷின் ஒன்று. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து வெட்ஜ் மெஷினையே வாங்கினோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

விலை, எடை, வேகம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. கன் மலிவு, பைக்குள் அடங்கும், ஆனால் மெதுவாகத்தான் வேலை நடக்கும். வெட்ஜ் பல மடங்கு விலை, வேலை சீக்கிரம் முடியும். உருகிய பிளாஸ்டிக்கை ஓரத்தில் பிதுக்கி ஒட்டும் எக்ஸ்ட்ரூஷன் வெல்டர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது கனத்த ஷீட்டுக்கு, 500 மைக்ரானுக்கு வேண்டாம்.

எங்களை வெட்ஜ் பக்கம் சாய்த்தது தையல், அதாவது இரண்டு ஷீட்டும் உருகி ஒட்டும் கோடு. கன்னால் ஒட்டினால் ஒற்றைத் தையல் விழும். மேல் ஷீட்டையும் கீழ் ஷீட்டையும் காற்றில் உருக்கி, சிலிகான் ரோலரால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். நல்ல கைக்காரர் ஒட்டினால் உறுதியாகவே ஒட்டும். அது முழுக்க ஒட்டியதா என்று பார்க்க ஸ்க்ரூட்ரைவர் முனையால் ஓரத்தை நெம்பிக்கொண்டே போகலாம். உள்ளே அரைகுறையாகப் பிடித்த இடம் அதில் சிக்காது.

வெட்ஜ் மெஷினில் சூடான செம்பு ஆப்பு இரண்டு ஷீட்டுக்கும் நடுவே நகரும். பின்னாலேயே ரோலர்கள் அழுத்தும். இரண்டு இணைத் தையல் விழுந்து, நடுவில் விரல் அகலத்துக்கும் குறைவாக ஒரு காற்றுக்குழல் மிஞ்சும். அதன் இரு முனையையும் உருக்கி அடைத்து, ஒரு முனையில் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த ஊசியைக் குத்தி, சைக்கிள் பம்பால் காற்று ஏற்றினோம். கனமான ஷீட்டுக்கு 2 பார் வரை போவார்கள். எங்கள் மெல்லிய ஷீட்டுக்கு 1.5 பாரில் நிறுத்தினோம். ஷீட் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் முதலில் முள் லேசாக இறங்கும். அது அடங்கிய பிறகு ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் நின்றால் தையல் நல்ல தையல். கடைசியில் எதிர்முனையை வெட்டிவிட வேண்டும். அங்கே காற்று சீறிக்கொண்டு வந்தால்தான் குழல் நடுவில் அடைபடாமல் முழு நீளத்தையும் சோதித்திருக்கிறோம் என்று அர்த்தம். இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

சமவெளியில் குட்டை கசிந்தால் தண்ணீர்தான் நஷ்டம். இங்கே நம் குட்டைக்குக் கீழே இன்னொருவர் தோட்டம், அதற்குக் கீழே வீடுகள். ஷீட்டுக்கு அடியில் கசிகிற நீர் கண்ணுக்குத் தெரியாமல் சரிவு மண்ணை ஊறவைக்கும். 2009 நவம்பர் மழையில் இந்த மலை எப்படிச் சரிந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். சரிவில் குட்டை போடுகிறவர், ஒட்டிய தையலைச் சோதித்துப் பார்க்காமல் தண்ணீர் விடக்கூடாது. வேறு எந்தக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

சரி, மெஷினை செட் பண்ணுவதற்கு வருவோம். சூடு, வேகம், அழுத்தம் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். எச்.டி.பி.இ. உருகுவது 130 டிகிரி வாக்கில். ஆப்பை 300, 400 டிகிரி வரை வைப்பதற்குக் காரணம், அது ஷீட்டைத் தொடுவது ஒரு கணம்தான். மெல்லிய ஷீட்டுக்குச் சூட்டைக் குறைத்தோ வேகத்தைக் கூட்டியோ வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் தையலோரம் சுருங்கி நெளியும். தினமும் வேலை தொடங்கும் முன் துண்டு ஷீட்டில் ஒட்டி, ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி, இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஷீட் நீண்டு கிழியலாம். தையல் பிரியக் கூடாது. மதியம் வெயில் ஏறியதும் இன்னொரு முறை இதே சோதனை.

காலைப் பனி ஈரத்தில் ஒட்டவே வேண்டாம். ஒரு ஷீட் மேல் இன்னொன்று படியும் ஓவர்லாப் பகுதியை இரண்டு பக்கமும் காய்ந்த துணியால் துடைத்து, வெயில் பட்ட பிறகே தொடங்குங்கள். மூடுபனி இறங்கினால் நிறுத்திவிடுங்கள். எச்.டி.பி.இ. சூட்டுக்கு நன்றாக நீளும்: 20 மீட்டர் ஷீட், 25 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 10 செ.மீ. மதிய வெயிலில் இழுத்துப் பிடித்து ஒட்டினால், உறைபனி விழும் ஜனவரி விடியலில் அது விறைத்துத் தையலையும் கரையையும் இழுக்கும். கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

கரண்ட் விஷயத்திலும் வெட்ஜ்தான் மேல். டயல் மட்டும் உள்ள சாதாரண கன்னில் வோல்டேஜ் விழுந்தால் சூடும் விழும். லைனில் 200 வோல்ட்தான் வருகிறது, அதை 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயரில் 100 மீட்டர் இழுக்கிறோம் என்றால் 1600 வாட் கன்னுக்குப் போய்ச் சேருவது 185 வோல்ட் அளவில்தான். 230 வோல்ட்டில் கிடைக்க வேண்டிய சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 4 ஸ்கொயர் ஒயரானால் வழியில் போவது ஐந்தாறு வோல்ட்தான். வெட்ஜ் மெஷினில் சென்சார் இருப்பதால், வைத்த டிகிரியை அது முடிந்தவரை தானே பிடித்துக்கொள்ளும். ஜெனரேட்டர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊட்டி உயரத்தில் காற்று மெலிவு, பெட்ரோல் எஞ்சின் கால் பங்கு வரை சக்தி இழக்கும். கணக்குக்குச் சரியாக இருப்பதை வாங்காமல் ஒரு படி பெரிதாக வாங்குங்கள்.

பராமரிப்பில் கன் சுலபம், அதை ஒப்புக்கொள்கிறேன். சூடாக்கும் எலிமென்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம். வெட்ஜில் ஆப்பின் மேல் கருகிப் படியும் பிளாஸ்டிக்கைச் சூடாக இருக்கும்போதே பித்தளை பிரஷால் தேய்க்க வேண்டும். ரோலர் பள்ளங்களில் மண் ஏறாமல் பார்க்க வேண்டும். பெரிய ரிப்பேர் என்றால் எங்களுக்குக் கோயம்புத்தூர்தான். வருடக் கணக்கில் ஓட்டினால் எப்படி உழைக்கும் என்பதை எங்கள் மெஷினை வைத்து இப்போதே சொல்ல முடியாது. நான் சொன்னதெல்லாம் 500 மைக்ரான் ஷீட்டை வைத்துத்தான், தார்ப்பாய், பி.வி.சி. ஒட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு.

மூலைகள், குழாய் நுழையும் இடம், ஒட்டுப்போடுவது, இவற்றுக்கு வெட்ஜ் போகாது. அங்கே கன்தான். அதனால் வெட்ஜை நாலு பேர் சேர்ந்து வாங்கி, கன்னை ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்குப் பக்கத்தில் சின்னத் தொட்டி மட்டும் போடுகிறவருக்குக் கன்னே போதும். ஒரே ஷீட்டாக விரிந்துவிட்டால் அதுகூட வேண்டாம்.